‘போறேன்’ என்று சொன்ன பிள்ளை

பணி ஓய்வு பெற்ற பிறகும் எஸ்.பி.எம். என்கிற பள்ளி இறுதிப் பரீட்சை வந்தால் என் வயிறு சரியாக இருப்பதில்லை. முன்பெல்லாம் அது நவம்பர் மாதத்து நோய். இப்போது பரீட்சையை வேறு வேறு மாதத்துக்கு நகர்த்துகிறார்கள். என் வயிறும் நாட்காட்டியைப் பார்த்துக் கூடவே நகர்ந்துகொள்கிறது. “நீ பரீட்ச எழுதியா முப்பது நாப்பது வருஷம் ஆச்சு, இன்னும் என்னா பயம் ஒனக்கு?” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்தவர். கப்பல் இன்று வராவிட்டால் நாளை வரும் என்று நிம்மதியாகத் தூங்கிப் பழகியவர். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

போன மாதம் திவ்யா வீட்டுக்கு வந்திருந்தாள். ஜார்ஜ்டவுனில் நான் கடைசியாக வேலை பார்த்த பெண்கள் இடைநிலைப்பள்ளியில், மாணவர் ஆலோசகர் அறையில் இப்போது உட்கார்ந்திருப்பவள். கைப்பேசியில் மனநிலை பற்றிய ஒரு கேள்வித்தாளைக் காட்டினாள். பிள்ளைகள் ஒவ்வொரு கேள்வியாக அமுக்கிக்கொண்டே போனால் கடைசியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏதாவது ஒன்று வருமாம். சிவப்பு வந்த பிள்ளையைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

“நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா பச்ச வந்த பிள்ளைங்கள நெனச்சாதான் பயமா இருக்கு. உண்மையத்தான் அமுக்கினாங்களான்னு யாருக்குத் தெரியும்? இது ஒண்ணுமே இல்லாம நீங்க எப்படிலா கண்டுபிடிச்சீங்க?”

“எங்க கண்டுபிடிச்சேன்? சும்மா பயந்துகிட்டே இருந்தேன், அவ்வளவுதான்” என்றேன்.

அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. “அதயே எழுதிக் குடுங்க டீச்சர்” என்று பிடிவாதம் பிடித்துவிட்டுப் போனாள். அதனால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். யார் கதையோ அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கெடாவில் சில வருடம் தமிழும் நன்னெறியும் கற்பித்தேன். பிறகு ஆலோசகர் படிப்புக்கு அனுப்பினார்கள். அங்கே தடித்தடியாகப் புத்தகங்கள் படித்தோம். அவற்றில் முக்கால்வாசி மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை: ஒரு பிள்ளை உயிரை விடும் எண்ணத்தில் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காதே, நேராகக் கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இதை வகுப்பில் எழுதிக்கொள்ளும்போது சுலபமாகத்தான் இருந்தது.

பரீட்சைக் காலத்தில் ஆலோசகரின் வேலை என்னவென்று வெளியாட்களுக்குத் தெரியாது. “பிள்ளைங்களுக்கு மோட்டிவேஷன் குடுப்பீங்க, இல்லையா?” என்பார்கள். அட போங்கப்பா! மண்டபத்துக்குள் பள்ளி ஆசிரியர்கள் யாரும் கால் வைக்க முடியாது. மேற்பார்வைக்கு வேறு பள்ளிகளிலிருந்துதான் வருவார்கள். நான் வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். மேசைமேல் பென்சில், அழிப்பான், பிஸ்கட், தலைவலித் தைலம், சானிட்டரி பேட், வாந்தி எடுக்க பிளாஸ்டிக் பை. ஒவ்வொரு பிள்ளை வரும்போதும் “ஐசி எங்க?” என்று கேட்பேன். அடையாள அட்டை இல்லாமல் வந்து வாசலில் அழுகிற பிள்ளை வருடத்துக்கு ஒருத்தியாவது உண்டு. அப்புறம் தலையை எண்ணுவேன். ஒரு தலை குறைந்தாலும் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஒரு வருடம் அப்படித்தான், ஒரு பிள்ளை முன்னோட்டத் தேர்வுக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. நான் காரை எடுத்துக்கொண்டு ஆயர் ஈத்தாமுக்கே பறந்து, கதவைத் தட்டு தட்டென்று தட்டினேன். தலை நிறைய எண்ணெயோடு அந்தப் பிள்ளை வந்து கதவைத் திறந்தாள். தேர்வு நாளையென்று நினைத்துக்கொண்டு எண்ணெய்க் குளியலுக்குத் தயாராகியிருக்கிறாள்! அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் எனக்கு ‘ஆம்புலன்ஸ் மாலா’ என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். நானும் சிரித்துக்கொள்வேன், வேறு என்ன செய்ய?

எங்கள் தலைமையாசிரியர் புவான் ஹலிமா மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மெதுவாகப் பேசும் மலாய்க்கார அம்மாள். மேசையில் எப்போதும் ஒரு குவளை வெந்நீர் இருக்கும். நான் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தால், முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து வைப்பார். பிறகு மூன்று விரல்களை நீட்டுவார். “நம்பாக், டெங்கார், ஆகாக்.” கண்ணால் பார்த்தது என்ன, காதால் கேட்டது என்ன, நீயாக ஊகித்தது என்ன? மூன்றையும் கலக்காமல் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல ஒவ்வொரு விரலாக மடக்குவார். பெரும்பாலும் எனக்கு மூன்றாவது விரல்தான் மிஞ்சும். “சிக்கு மாலா, இதெல்லாம் ஆகாக்” என்று சொல்லி வெந்நீரை என் பக்கம் நகர்த்துவார். சிக்கு என்றால் ஆசிரியர், புவான் என்றால் அம்மையார். அந்த நீட்டிய விரல்களைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் அவரிடம்தான் ஓடுவேன்.

யோகேஸ்வரி அப்போது ஐந்தாம் படிவம், எஸ்.பி.எம். எழுதும் வகுப்பு. யோகா என்று கூப்பிடுவோம். வீடு கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில். தினமும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரிப் படகில் வந்து போகிற பிள்ளை. அப்பா மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அம்மா வீட்டில், ஒரு தங்கச்சி. சத்தமில்லாத பிள்ளை. ஆனால் என் அறைக்கு அடிக்கடி வருவாள். டிரையல் என்கிற முன்னோட்டத் தேர்வில் செஜாரா, அதாவது சரித்திரப் பாடம், தேறவில்லை. எஸ்.பி.எம்.மில் மற்ற பாடமெல்லாம் எப்படி இருந்தாலும் மலாயும் செஜாராவும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. அந்தப் பயம் அவளுக்கு. அதைப் பற்றிப் பேசுவோம், ஒரு பாடத்தை எடுத்து வைத்துப் படிப்போம், போவாள். போகும்போதெல்லாம் ஒரே வார்த்தைதான்: “போயிட்டு வரேன் டீச்சர்.” கழிப்பறைக்குப் போனால்கூட அதே வார்த்தை. “ஐயோ, போயிட்டு வா தாயே” என்று நான் கிண்டல் செய்வேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம் ஐந்தாம் படிவத்துக்குப் பிரியாவிடை. பாட்டு, மீகூன், கேக் எல்லாம் முடிந்த பிறகு எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர்கள் எல்லாரும் வரிசையாக நிற்போம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்து, செய்த தப்பையெல்லாம் மன்னியுங்கள், கற்றுக்கொடுத்ததை மனமார எனக்குத் தாருங்கள் என்று கேட்பார்கள். மலாய்ப் பிள்ளைகளின் வழக்கம் அது. எங்கள் பள்ளியில் சீனப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் சேர்ந்தே கேட்கும். ஒரே அழுகைச் சத்தம். அழுது முடித்தவர்கள் அந்தப் பக்கம் போய், ஒருத்தி சட்டையில் இன்னொருத்தி மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

யோகா என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. கண்ணில் தண்ணீர் இல்லை.

“எல்லாத்துக்கும் மன்னிச்சிருங்க டீச்சர்.”

“மன்னிக்க என்னா இருக்கு? வீட்டுக்குப் போயி சாப்ட்டுட்டு, செஜாராவ ஒரு வாட்டி பொரட்டிட்டு, நேரத்தோட தூங்கு. சரியா?”

“சரி டீச்சர். போறேன் டீச்சர்.”

அடுத்த பிள்ளை வந்து என் தோளில் விழுந்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டது. அதைத் தேற்றி அனுப்பி, இன்னும் சிலருக்குக் கை கொடுத்துவிட்டு நிற்கும்போதுதான் அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. என்ன சொன்னாள் அவள்? போறேன் என்றா சொன்னாள்?

வரிசையை விட்டு வெளியே வந்து தேடினேன். மண்டபத்தில் இல்லை, சிற்றுண்டிச்சாலையில் இல்லை. “இப்பத்தான் கேட்டுப் பக்கம் போனா டீச்சர். சட்டையில எழுதவே வுடலலா அவ” என்றாள் ஒரு பிள்ளை. அவள் கைப்பேசிக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தாள்.

புவான் ஹலிமாவின் அறைக்குள் கதவைத் தட்டாமலே போனேன். கண்ணாடி கழன்றது. மூன்று விரல்கள் நீண்டன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்தாலும் சொன்னேன். பார்த்தது: அழவில்லை, சட்டையில் ஒரு பேனாக் கோடுகூட இல்லை. ஒரு விரல் மடங்கியது. கேட்டது: மன்னிப்புக் கேட்டாள்.

“இன்றைக்கு எல்லாரும் மன்னிப்புக் கேட்டார்கள், சிக்கு மாலா. என்னிடமும் கேட்டார்கள்” என்றார் மலாயில்.

“அப்புறம் போறேன் என்று சொன்னாள், புவான்.”

“பள்ளி முடிந்தது. போகிறாள். இதில் என்ன?”

எப்படி விளக்குவது? எனக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. அன்றைக்கு முதலில் வார்த்தை வராமல் திக்கினேன். நாங்கள் ஓர் இடத்தை விட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று மட்டும் சொல்ல மாட்டோம் புவான், போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம், திரும்பி வரப்போவதில்லை என்று நன்றாகத் தெரிந்த இடத்திலும் அப்படித்தான் சொல்வோம், தப்பித் தவறி ஒரு பிள்ளை போறேன் என்று சொன்னால் பெரியவர்கள் வாயிலேயே போடுவார்கள், போய்விட்டு வருகிறேன் என்று சொல் என்பார்கள், இந்தப் பிள்ளை கழிப்பறைக்குப் போனாலும் அப்படிச் சொல்கிற பிள்ளை என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

புவான் ஹலிமா நீட்டிய விரலோடு முன்னால் சாய்ந்தார். பிறகு கேட்டார்: “அந்த ‘டுலு’ இல்லையா?”

எனக்குப் புரிந்துவிட்டது. மலாயில் கிளம்பும்போது ‘பெர்கி டுலு’ என்பார்கள். இப்போதைக்குப் போகிறேன் என்று அர்த்தம். வெறும் ‘பெர்கி’ என்று யாரும் சொல்வதில்லை. அந்தச் சின்ன ‘டுலு’வில்தான் திரும்பி வருவது இருக்கிறது.

“இல்லை புவான். டுலு இல்லை.”

இரண்டாவது விரலை மடக்கினார். மூன்றாவது விரலை மடக்காமலே எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “வீட்டுக்குப் பேசு. பயமுறுத்தாதே. வந்துவிட்டாளா என்று மட்டும் கேள். ஃபெரி பக்கம் போகலாம்.”

காரில் போகும்போதே யோகாவின் அம்மாவைப் போனில் பிடித்தேன். “இன்னும் வரலியே டீச்சர். ஏன் டீச்சர், என்னா ஆச்சு?” குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. “ஒண்ணுமில்லம்மா, நானும் அவகூட அக்கரைக்கு வரலாம்னு இருக்கேன். அவங்க அப்பாவ ஃபெரிகிட்ட வந்து நிக்கச் சொல்லுங்க” என்றேன். பக்கத்தில் புவான் ஹலிமா வண்டியை ஓட்டினார். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் உதடு மட்டும் அசைந்தது. துவா ஓதுகிறார் என்று தெரிந்தது. நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் இதுவரை ஊகித்ததெல்லாம் தப்பாகவே போயிருக்கிறதே, இதுவும் தப்பாகப் போகட்டும், ஊர் முழுக்க ஆம்புலன்ஸ் மாலா என்று சிரிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

படகுத்துறையில் நாங்கள் ஏறிப் போகும்போது ஒரு ஃபெரி அப்போதுதான் விலகிப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதில் இருப்பாளோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன். புவான் என் முழங்கையைத் தொட்டு, கண்ணால் காட்டினார். காத்திருக்கும் கூடத்தின் கடைசி பெஞ்சில் வெள்ளைச் சட்டையோடு யோகா. மடியில் புத்தகப் பை.

ஓடக் கூடாது, கத்தக் கூடாது. மெதுவாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். புவான் கொஞ்சம் தள்ளி, தண்ணீர் வாங்குகிற மாதிரி நின்றார்.

“டீச்சர்? நீங்க எங்க இங்க?”

“நீ போறேன்னு சொன்னியே. அதான் வந்தேன்.”

அவள் முகம் கோணியது. “அவ்வளவு சத்தத்துல யாருக்கும் கேட்டிருக்காதுன்னு நெனச்சேன்.”

“எனக்குக் கேட்டுச்சு. யோகா, நேராவே கேக்குறேன். செத்துப் போயிடலாம்னு நெனப்பு வந்துச்சா?”

கேட்டுவிட்டேன். அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

“வந்துச்சு டீச்சர். டிரையல் ரிசல்ட்லேர்ந்து அப்பப்ப வரும், போயிடும். இன்னிக்கு என்னா செய்யப் போறேன்னு எனக்கே தெரியல. வீட்டுக்குப் போக முடியாதுன்னு மட்டும் தெரியும். ஃபெரி வருது, எல்லாரும் ஏறுறாங்க, எனக்குக் காலு வரல.”

அப்புறம் எல்லாம் கொட்டியது. அப்பா தொழிற்சாலையில் எல்லாரிடமும் என் பெண் நர்ஸ் ஆகப் போகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறாராம். கோயிலில், கடையில், கல்யாண வீட்டில், பார்க்கிறவர்கள் எல்லாம் “என்னா நர்ஸம்மா” என்கிறார்களாம். செஜாரா போய்விட்டால் எல்லாமே போய்விடும், அந்த முகங்களை எப்படிப் பார்ப்பது என்று அழுதாள். ஒருவழியாக அழுதாளே என்று எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

நீ பாஸாகிவிடுவாய் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? “செஜாரா ஃபெயிலானா மறுபடி எழுதலாம் யோகா. அதுக்கு வழி இருக்கு. நீ வராம போயிட்டா நான் என்னா செய்வேன்? அதுக்கு என்னா வழி இருக்கு, சொல்லு? பாஸோ ஃபெயிலோ, எங்கிட்ட வந்து சொல்லணும். அது போதும் எனக்கு.” இதைச் சொல்லும்போது நானும் அழுதுகொண்டிருந்தேன். ஆலோசகர் அழக் கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது. இருக்கட்டும்.

புவான் ஹலிமா மூன்று போத்தல் தண்ணீரோடு வந்து அவளுடைய மறுபக்கம் உட்கார்ந்தார். சட்டையில் ஏன் யாரையும் எழுத விடவில்லை என்று கேட்டார். “அடுத்த வருஷம் என் தங்கைக்கு வேண்டும், புவான்” என்றாள். பேனாக் கோடு இல்லாத அந்தச் சட்டையை வைத்து நான் என்னென்னவெல்லாம் நினைத்திருந்தேன்! அடுத்த ஃபெரி வந்ததும் மூவரும் சேர்ந்து ஏறினோம். அவளை நடுவில் விட்டு உட்கார்ந்தோம். தலைமையாசிரியர் இப்படிப் பள்ளியைப் போட்டுவிட்டு அக்கரைக்குப் போவதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பட்டர்வொர்த்தில் அவள் அப்பா வேலைச் சட்டையோடு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். சத்தம் போடுவாரோ என்று பயந்து நான் முன்னால் போய், சுருக்கமாக, ஆனால் எதையும் மறைக்காமல் சொன்னேன். மனிதர் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தார். “ஏம்மா, நான் சும்மா பெருமைக்குச் சொன்னதும்மா. செஜாரா போனா போவட்டும். நீ எங்கம்மா போவப் பாத்த?” என்றார். அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

மறுநாளே மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டில் அவளைத் தனியாக விடவில்லை. எனக்கும் அவளுக்கும் ஓர் ஏற்பாடு: எங்கே போனாலும், வீட்டுக்குத் திரும்பியதும் ‘வந்துட்டேன்’ என்று எனக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். வேறு எதுவும் எழுத வேண்டாம். சில சாயங்காலம் அது கொஞ்சம் தாமதமாகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் வீட்டில் யாரிடம் பேசினாலும் எரிந்துதான் விழுவேன். செய்தி வந்த பிறகுதான் சோற்றில் கை வைப்பேன்.

செஜாரா தாள் அன்று காலை மண்டப வாசலில் என் மேசைக்குப் பக்கத்தில் புவான் ஹலிமா வந்து நின்றார். முந்தின நாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டு, திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்திருந்தார். தமிழ்ப் பிள்ளை ஒவ்வொருத்தி உள்ளே போகும்போதும் “போயித்து வா” என்றார். பிள்ளைகள் பயத்தையும் மறந்து கிக்கிக்கென்று சிரித்தார்கள். யோகா அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். முகம் வெளிறியிருந்தது. ஐசியைக் காட்டினாள்.

“போயித்து வா” என்றார் புவான்.

யோகா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். “பெர்கி டுலு, புவான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

புவான் என் காதருகில் குனிந்து, “டுலு இருக்கிறது” என்றார். அவர் கண்ணாடிக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது.

பின்னால் நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் என்னைப் போலத் தவிக்க வேண்டாம். யோகா நன்றாக இருக்கிறாள். நர்ஸ் ஆகவில்லை. மருத்துவமனைப் பதிவு முகப்பில் உட்கார்ந்து, பதறிக்கொண்டு வருகிறவர்களிடம் பொறுமையாகப் பெயர் கேட்டு எழுதுகிறாள். ஆனால் திவ்யாவுக்கு நான் சொல்ல நினைத்தது அதுவல்ல. முடிவுகள் வந்த நாள்.

அன்று காலையிலேயே பள்ளிக்கு முடிவுத் தாள்கள் வந்துவிட்டன. புவான் ஹலிமா என்னைக் கூப்பிட்டு, ஒரு வரியில் விரலை வைத்தார். யோகா செஜாராவில் தேறவில்லை. எந்தப் பூதத்துக்குப் பயந்தாளோ அதே பூதம். அவள் கைப்பேசிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அவள் அப்பாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. பிள்ளைகள் வந்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், குதித்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். மேசையில் அவள் தாள் மட்டும் கிடந்தது. மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நான் என் அறையில் உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. யோகா நின்றாள், வியர்த்து விறுவிறுத்து. பின்னால் நடைபாதையில் அவள் அப்பா ஹெல்மெட்டோடு. மோட்டார் சைக்கிள் கடல் பாலத்தில் நின்றுவிட்டதாம், தள்ளிக்கொண்டே வந்தார்களாம். போனை எங்கே எடுப்பது?

“ரிசல்ட்ட எஸ்.எம்.எஸ்.லயே பாத்துட்டேன் டீச்சர். செஜாரா ஃபெயில்” என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

“வந்துட்டேன் டீச்சர்.”